ஸ்காட்லாந்து மலையில் நம்ம ஊர் கோட்டை வாசலா?

காட்பாடிக்காரன்:
ஸ்காட்லாந்தில் வேலை பார்க்கும் மச்சான் ஒரு மலை உச்சிப் படம் அனுப்பியிருக்கிறான், புல்வெளி நடுவில் கல் வளைவுகள். வேலூர்க் கோட்டை வாசலைப் பார்த்துக் கட்டியதாம். கீழே இவான்டன் என்று ஒரு கிராமம். உண்மையா, கதை விடுகிறானா?

ஆற்காட்டு மாமா:
பாதி உண்மை தம்பி. அது ஃபைரிஷ் மலை, வாசல் நாகப்பட்டினத்தினுடையது. கட்டியவர் அந்தப் பக்கத்து நோவார் ஜமீன், சர் ஹெக்டர் மன்றோ (சென்னையில் சேணமில்லாக் குதிரை மேல் இருக்கும் தாமஸ் மன்றோ வேறு ஆள்). 1780இல் ஹைதர் அலி நம்ம ஆற்காட்டை முற்றுகையிட்டபோது ஆங்கிலேயப் படையோடு காஞ்சிபுரம் வரை வந்து, பக்கத்துப் பொள்ளிலூரில் இன்னொரு ஆங்கிலேயத் தளபதி பெய்லியின் படை அழிந்ததும், பெரிய பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டு மெட்ராசுக்குத் திரும்பியவர் இவர்தான். மறு வருடம் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தார். குளத்துக் கதைக்கு யார் வளைவு கட்டுவார்கள்?

சத்துவாச்சாரி:
வேலையில்லாதவர்களுக்குக் கூலி கொடுக்கத்தான் கட்டினார், கூலி நாள் நீள வேண்டும் என்று ஏற்றிய கல்லையே திரும்ப உருட்டிவிட்டார் என்று அங்கே சொல்வார்கள். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. 1820இல் அதே நோவார் குடும்பம் கல்ரெயின் என்ற ஸ்காட்லாந்து ஊரில் குடியானவர்களை ஆட்டுப் பண்ணைக்காக வெளியேற்றப் பார்த்துக் கலவரமே ஆனது.

ஆற்காட்டு மாமா:
சரி, இன்னொன்று. வளைவுதான் முதலில், இவான்டன் அப்புறம்தான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேறொரு நிலக்காரர் அமைத்த ஊர், மகன் இவான் பெயரை வைத்துவிட்டார்.

காட்பாடிக்காரன்:
நன்றி மாமா. மச்சான் ஆபீஸ் முழுக்க வேலூர் வேலூர் என்று சொல்லி வைத்திருக்கிறான், பாவம்.