வின்ச்சுக்கு சிந்தெடிக் கயிறு: எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது

தேன்கனிக்கோட்டை, பிக்கப் வண்டி

வண்டி சேத்துல மாட்டினா கயிறைச் சுத்தி இழுக்கற வின்ச், 9,500 பவுண்டு இழுவை. கூடவே வந்த ஒயர் ரோப் (இரும்புக் கம்பிக் கயிறு) 28 மீட்டர். கம்பி பிரிஞ்சு கையுறையைக் கிழிக்குது, சிந்தெடிக் கயிறா மாத்தியாகணும். ஆன்லைன்ல பார்த்தா எல்லாத்துலயும் "10 மி.மீ., 20,000 பவுண்டு"ன்னு ஒரே மாதிரிதான் எழுதியிருக்கு, விலை மட்டும் ஒண்ணுக்கு மூணா நிக்குது. அஞ்செட்டி பக்கம் செம்மண் பாதை, மழையில மாந்தோப்புக்குள்ள போய் வர்றது, இதுதான் வேலை. செலவைக் குறைக்கணும், ஆனா அறுந்து யார் மேலயும் அடிச்சிடக் கூடாது. அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

ஓசூர், கயிறு மற்றும் தூக்கு சாதனப் பட்டறை

முதல்ல கணக்கைப் பாருங்க. 9,500 பவுண்டுன்னா சுமார் 4,300 கிலோ. கயிறு அறுபடும் பளு அதுக்கு ஒன்றரை மடங்காவது இருக்கணும், இரண்டு மடங்கு இருந்தா நிம்மதி. அதாவது 6,500 கிலோவுக்குக் கீழ வேண்டாம், 8,600 கிட்ட இருந்தா நல்லது. தரமான 8 மி.மீ. கயிறு சுமார் 6,000 கிலோவுல நின்னுடும். 10 மி.மீ. கிட்டத்தட்ட 9,000 வரை தாங்கும். உங்களுக்கு 10 தான்.

இப்ப இழைக்கு வருவோம். வின்ச்சுக்குன்னு இருக்கறது ஹெச்.எம்.பி.இ. இழை, ரொம்ப பலமான ஒரு வகை பாலிஎத்திலீன். டைனீமா, ஸ்பெக்ட்ரா எல்லாம் அதோட வணிகப் பெயர்கள்தான். பெயர் போடாத ஹெச்.எம்.பி.இ.யும் கிடைக்குது, விலை குறைவு, எல்லாமே மோசம்னு சொல்ல முடியாது. ஆனா அதே 10 மி.மீ.யில சாதாரண பாலிப்ரொப்பிலீன் கயிறு சுமார் 1,400 கிலோவுல அறுந்துடும். நைலான் இரண்டாயிரத்துச் சொச்சம். கலர் அடிச்சுப் பின்னி வெச்சா பார்வைக்கு எல்லாம் ஒண்ணுதான், அதனாலதான் விலை ஒண்ணுக்கு மூணு.

கையில கிடைச்சதும் செய்ய வேண்டியது: நுனியில ஒரு சின்னத் துண்டை வெட்டித் தண்ணியில போடுங்க. மூழ்கினா நைலான் அல்லது பாலியஸ்டர், அப்பவே திருப்பி அனுப்பிடலாம். மிதந்தா மட்டும் போதாது, பாலிப்ரொப்பிலீனும் மிதக்கும். அடுத்து ஒரு புரியைப் பிரிச்சு இழையைத் தொடுங்க. ஹெச்.எம்.பி.இ. பட்டு நூல் மாதிரி மெல்லிசா, மெழுகு தடவின மாதிரி வழுக்கும். கத்தரிக்கோல் அதுல சறுக்கும், வெட்டவே அடம் பிடிக்கும். பாலிப்ரொப்பிலீன் சொரசொரன்னு விறைப்பா இருக்கும், சாதாரண கத்தரியிலேயே சரக்குனு வெட்டுப்படும். ஹெச்.எம்.பி.இ. முடிச்சும் நிக்காது, இழுத்தா உருவிக்கிட்டு வந்துடும். வாங்கறப்ப அது குறை மாதிரி தெரியும், ஆனா அசல்ங்கறதுக்கு அடையாளமே அதுதான்.

விட்டத்துலயும் ஏமாத்து உண்டு. தளர்வாப் பின்னின கயிறைச் சும்மா கிடக்கறப்ப அளந்தா 10 காட்டும், இழுத்துப் பிடிச்சா 8 தான். ஒருத்தர் இழுத்துப் பிடிக்க, இன்னொருத்தர் வெர்னியர்ல அளங்க. எடையும் போடுங்க. ஹூக், உறை இல்லாம 28 மீட்டர் சுமார் ஒன்றரை கிலோ வரணும். ஒரு கிலோதான் வருதுன்னா அந்த 10 மி.மீ.யை நம்பாதீங்க. பின்னல் 12 புரி, நடுவுல உள்ளீடு இல்லாம வெறும் குழல் மாதிரி இருக்கணும். உள்ள வேற கயிறைத் திணிச்சிருந்தா பின்னால ஒட்டு போடவே (நுனியைக் கயிறுக்குள்ளயே புதைச்சு இணைக்கவே) முடியாது.

கிருஷ்ணகிரி, வண்டி எலக்ட்ரிக்கல் மற்றும் வின்ச் வேலை

மேல அண்ணன் சொன்னதோட இதையும் சேர்த்துக்கோங்க. கயிறு விலையை மட்டும் கணக்குப் போட்டு வர்றவங்க ஃபேர்லீடை, அதாவது கயிறு வின்ச்சுக்குள்ள போற வழிகாட்டியை, விட்டுடறாங்க. ஒயர் ரோப் ஓடின ரோலர்ல கீறலும் பிசிறும் இருக்கும். அதுலயே புதுக் கயிறை விட்டா நாலு இழுவையில பஞ்சு பஞ்சா நிக்கும். வளைவு பெரிசா இருக்கற அலுமினிய ஹாஸ் ஃபேர்லீடு (ரோலர் இல்லாத வழவழப்பான வகை) போடுங்க. நடுத்தர வின்ச்சுகளுக்கு போல்ட் துளை இடைவெளி 254 மி.மீ. தான் வழக்கம், இருந்தாலும் அளந்துட்டு வாங்குங்க.

கயிறு சுத்தற டிரம்மையும் பார்க்கணும். பழைய கம்பி உரசின இடத்துல விளிம்பு கூராகியிருக்கும். எமரி ஷீட்ல வழவழன்னு தேய்ச்சு, பெயிண்ட் அடிச்சு, நல்லாக் காய விட்டுச் சுத்துங்க. டிரம்ல கயிறைப் பிடிக்கற போல்ட்டு இழுவையைத் தாங்காது, அது சுத்த ஆரம்பிக்கறதுக்கு மட்டும். பளுவைத் தாங்கறது சுத்தோட உராய்வுதான். ஒயர் ரோப்புக்கு அஞ்சு சுத்து போதும், இது வழுக்கற சாமான், குறைஞ்சது பத்து சுத்து எப்பவும் டிரம்ல இருக்கணும். பத்தாவது சுத்து தெரியற இடத்துல மார்க்கர்ல கோடு போட்டு வெச்சா இருட்டுலயும் கணக்குத் தப்பாது.

சுத்தற திசையைப் பழைய கயிறைக் கழட்டறதுக்கு முன்னாடியே போட்டோ எடுத்துக்கோங்க. திசை மாறினா பல வின்ச்சுல பிரேக் பிடிக்காது. முதல் தடவை சும்மா கையால சுத்தி வெக்காதீங்க. லேசான மேட்டுல வண்டியை நிறுத்தி, கயிறை மேல கட்டி, ஒருத்தர் பிரேக்கை லேசா மிதிச்சிருக்க, வண்டி தன்னைத்தானே இழுத்துக்கிட்டு வர்ற மாதிரி இறுக்கமாச் சுத்தணும். தளர்வா இருந்தா, பளு வந்ததும் மேல் சுத்து கீழ் சுத்துக்குள்ள கத்தி மாதிரி இறங்கிச் சிக்கிக்கும்.

இன்னொண்ணு சூடு. நிறைய வின்ச்சுல பிரேக் இருக்கறது டிரம்முக்குள்ளயே. பளுவோட மோட்டாரை விட்டுக் கயிறை வெளிய விட்டா டிரம் கொதிச்சுடும். ஹெச்.எம்.பி.இ. 65, 70 டிகிரி தாண்டினாலே பலம் குறையும், 150 கிட்ட உருகியே போகும். வெளிய எடுக்கறப்ப வின்ச்சோட கிளட்ச்சைத் தளர்த்திக் கையால இழுங்க. முதல் அடுக்குக்கு வெப்பம் தாங்கற உறை போட்ட கயிறுன்னா இன்னும் நல்லது, அந்த உறைக்குக் காசு கொடுக்கலாம்.

ஒரு வார்த்தை: வின்ச் மாட்டறோம்னு பம்பருக்கு வெளிய இரும்புச் சட்டம் நீட்டாதீங்க. அந்த மாதிரி முன்பக்கக் கம்பி, அதாவது புல் பார், மாட்டறது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவை மீறுறதுன்னு 2017 டிசம்பர்ல மத்திய போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியிருக்கு.

பென்னாகரம், மலைப்பாதை மீட்பு வேலை

கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டத்திலும் கயிற்றுக்கு முதல் எதிரி கிரானைட். வெட்டிப் போட்ட கல்லின் விளிம்பில் பளுவோடு ஒருமுறை உரசினால் போதும், ஒயர் ரோப் தப்பிக்கும் இடத்தில் இது அறுந்துவிடும். வரப்பு, கல், பாறை எது குறுக்கே வந்தாலும் பழைய லாரி மட்ஃபிளாப்போ, மடித்த சாக்கோ போடாமல் இழுக்காதீர்கள்.

இரண்டாவது எதிரி கண்ணுக்குத் தெரியாது. செம்மண்ணும் சின்னாற்று மணலும் பின்னலுக்குள் புகுந்து, ஒவ்வொரு இழுவையிலும் உள்ளிருந்தே அரம் போல அறுக்கும். சேற்றில் வேலை முடிந்தால் முழுக் கயிற்றையும் கழற்றி, அகன்ற தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் சோப்புத்தூள் போட்டு, கயிற்றைக் குறுக்கே அழுத்தி அழுத்திப் பின்னலைத் திறந்து அலசுங்கள். பிரஷர் வாட்டர் அடித்தால் மணல் இன்னும் உள்ளே போகும். நிழலில் காயவைத்து, மறுபடியும் இறுக்கமாகச் சுற்றுங்கள். வெயிலிலும் பலம் போகும். வின்ச்சின் மேல் ரெக்சின் உறை ஒன்று தைத்துப் போட்டால் பெரிய செலவில்லை.

எப்போது தூக்கிப் போடுவது என்று பலரும் கேட்கிறார்கள். மேலே லேசாகப் பஞ்சு பிடிப்பது சகஜம், அது உள் இழைக்குக் காப்பும்கூட. ஒரு புரி முழுதாக அறுந்திருந்தாலோ, ஓரிடத்தில் கால்பங்கு தடிமன் குறைந்திருந்தாலோ அந்த இடத்தை வெட்டி எடுக்க வேண்டும். பளபளவென்று கெட்டியாகத் தெரியும் இடத்தைக் கையால் முன்னும் பின்னும் வளைத்துப் பாருங்கள். இளகி வந்தால் அழுத்தத்தில் படிந்தது, கவலையில்லை. விறைப்பாகவே நின்றால் உருகியது. அந்தப் பகுதி போய்விட்டது.

கப்பி வாங்குவதைத் தள்ளிப்போடாதீர்கள். கப்பியை மரத்தில் மாட்டிக் கொக்கியை வண்டிக்கே திருப்பினால், 2,000 கிலோ இழுவைக்குக் கயிற்றின் மேல் வருவது சுமார் 1,000. முழுப் பளு மரத்துக்கும் அதைச் சுற்றிய பெல்ட்டுக்கும் போகும். ஆகவே புளியமரமானாலும் மாமரமானாலும் 75 மி.மீ. அகல பாலியஸ்டர் பெல்ட்டை அடிமரத்தில் தாழ்வாகப் போடுங்கள். கயிற்றை நேராக மரத்தில் சுற்றிக் கொக்கியை அதன்மேலேயே மாட்டுவது இரண்டையும் கெடுக்கும். கப்பியின் சக்கரம் 10 மி.மீ. கயிற்றுக்குக் குறைந்தது 80 மி.மீ. விட்டம்.

சிந்தெடிக் கயிறு அறுந்தால் அடிக்காது என்று நம்பி அருகில் நிற்கிறார்கள். கயிறு ஒயர் ரோப் அளவுக்குப் பாயாது, உண்மை. ஆனால் அதன் நுனியில் உள்ள கொக்கியும் ஷேக்கிள் என்ற இணைப்பு வளையமும் இரும்பு. நடுவில் கனமான சாக்கைப் போட்டு, ஆட்களைக் கயிற்று நீளத்தைவிட அதிக தூரத்தில் நிறுத்துங்கள்.

தேன்கனிக்கோட்டை, பிக்கப் வண்டி

நன்றிங்கண்ணா எல்லாருக்கும். 28 மீட்டர் நல்ல இழையில வாங்கினா பட்ஜெட் தாண்டுது. நீளத்தைக் குறைக்கலாமா? ஒட்டு போடறது எப்படின்னும் சொல்லுங்க.

ஓசூர், கயிறு மற்றும் தூக்கு சாதனப் பட்டறை

தாராளமாக் குறைங்க, மிச்சம் பிடிக்க வேண்டிய இடமே அதுதான். 9,500 பவுண்டுங்கறது டிரம்மோட முதல் அடுக்குல மட்டும் கிடைக்கற இழுவை. மேல ஒவ்வொரு அடுக்கு ஏறவும் இழுவை குறையும். 18 மீட்டர் கயிறுன்னா கீழ் அடுக்குலயே வேலை முடியும், வின்ச்சுக்கும் நல்லது. தூரத்துக்கு 10 மீட்டர் தனி நீட்டுக் கயிறு, இரண்டு பக்கமும் கண் (கயிறை மடிச்ச வளையம்) வெச்சது, அடுத்த சீசன்ல வாங்கிக்கலாம். கிட்டுல வர்ற ஹூக்குக்கும் காசு தர வேண்டாம். வெறும் கயிறை மீட்டர் கணக்குல வாங்கி, ஒயர் ரோப்போட ஹூக் நல்லா இருந்தா அதையே மாட்டிக்கலாம். ஆனா கண்ணுக்குள்ள குழாய் திம்பிள் (இழை நசுங்காம வெக்கற வளையம்) கட்டாயம், அது இல்லாம ஹூக் பின் நேரா இழையை நசுக்கும்.

ஒட்டு: புதைக்கற நீளம் விட்டத்துக்கு 72 மடங்கு, 10 மி.மீ.க்கு 72 செ.மீ. திம்பிளைச் சுத்தி நுனியைக் கொண்டு வந்து, ஒரு தடவை கயிறுக்குள்ள நுனியையும், அடுத்து நுனிக்குள்ள கயிறையும் நுழைச்சுப் பூட்டுங்க. நுனியோட கடைசி 20 செ.மீ.யில புரிகளை ஒவ்வொண்ணா, இடைவெளி விட்டு வெட்டிக் கூம்பாக்கணும். அப்படி வெட்டாம விட்டா தடிப்பு திடீர்னு முடியற இடத்துல பளு சேர்ந்து அங்கதான் அறும். ஊசிக்குப் பதிலா கட்டுக்கம்பியை இரண்டா மடிச்சு, வளைவுல நுனியை மாட்டி, டேப் சுத்துங்க. பின்னலை இரண்டு கையாலயும் எதிரெதிரா அமுக்கினா குழல் விரியும், கம்பி சுலபமாப் போகும். உள்ள போனதும் கண்ணுல இருந்து வெளிப்பக்கமா உருவி உருவி விட்டுச் சுருக்கம் எடுங்க. கடைசியா மெழுகு பூசின பாலியஸ்டர் நூல்ல குறுக்கே நாலஞ்சு தையல், பளு இல்லாதப்ப நழுவாம இருக்க.

நடுவுல அறுந்தாலும் இதே கணக்குதான். இரண்டு முனையையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணா 72 செ.மீ. புதைச்சா கிட்டத்தட்ட பழைய பலம் வந்துடும், ஒன்றரை மீட்டர் நீளம் போகும். முடிச்சு போட்டு இழுக்காதீங்க, பாதி பலம் அங்கயே போயிடும்.