தலையைத் தாழ்த்தினால் சாச்சுரேஷன் விழுது, காலை இறக்கினால் பிரஷர் விழுது

தோட்டத்து எம்.ஏ. (மருத்துவ உதவியாளர், மலேசியாவின் பேரா மாநிலம்) கேட்டது:

வணக்கம். சுற்றிலும் செம்பனைத் தோட்டம் உள்ள சின்ன ஊர் ஆஸ்பத்திரி இது. ஈப்போவிலிருந்து ஸ்பெஷலிஸ்ட் வரும் நாளில்தான் எங்கள் ஓ.டி.யில் (ஆபரேஷன் தியேட்டரில்) லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் கேஸ், அதாவது வாயு ஏற்றி, சிறு துளை வழியாகச் செய்யும் ஆபரேஷன்) நடக்கும்.

52 வயது அம்மா, 84 கிலோ, உயரம் 152 செ.மீ. லித்தோட்டமி (மல்லாந்து படுத்து, கால்களை மடக்கித் தூக்கி வைக்கும் நிலை), அதோடு 20 டிகிரி தலைத் தாழ்வு. மூச்சு டியூப் பல் வரிசையில் 22 செ.மீ. ஆழம். வயிற்றில் கேஸ் அழுத்தம் 14. பத்து நிமிஷத்தில் சாச்சுரேஷன் (இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) 98லிருந்து 91, மூச்சுப்பாதை அழுத்தம் 22லிருந்து 34. இரண்டு மணி நேரத்தில் பையில் 20 மில்லி சிறுநீர்தான். எல்லாம் முடிந்து காலை இறக்கியதும் பிரஷர் 118/70லிருந்து 78/40. இரத்தம் 50 மில்லிகூடப் போகவில்லை. இதில் எது பொசிஷனால் வந்தது, எது வேறு காரணம்?

மயக்க டாக்டர், தைப்பிங்:

தம்பி, எல்லாமே பொசிஷனும் கேஸும் சேர்ந்து செய்த வேலைதான். ஆனால் சாச்சுரேஷனுக்கு முதலில் டியூபைப் பாருங்கள். 152 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு 22 ஆழம் அதிகம், 20 அல்லது 21 போதும். தலையைத் தாழ்த்திக் கேஸ் ஏற்றும்போது உதரவிதானம் மேலே வரும், மூச்சுக்குழல் பிரியும் இடமும் கூடவே மேலே வரும். டியூபை வாயில் ஒட்டிவிட்டோம், அது நகராது. அதனால் முனை வலது பக்கக் குழாய்க்குள் போய்விடும். சாச்சுரேஷன் இறங்கி அழுத்தம் ஏறினால் இரண்டு பக்கமும் ஸ்டெதஸ்கோப் வையுங்கள். இடது பக்கம் சத்தம் குறைந்திருந்தால் கஃப் (டியூப் முனையைச் சுற்றிய ஊதுபை) காற்றை எடுத்து, 1 செ.மீ. பின்னுக்கு இழுத்து, மறுபடி கேளுங்கள். படுக்க வைத்தபோது கேட்டது போதாது, பொசிஷன் மாறும் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும்.

இரண்டு பக்கமும் சமமாகக் கேட்டால் நுரையீரல் அடிப்பகுதி சுருங்கியிருக்கிறது. நிற்கிறவரைப் படுக்க வைத்தாலே மூச்சு விட்ட பிறகு உள்ளே மிஞ்சும் காற்று 0.8 முதல் 1 லிட்டர் குறையும். மயக்க மருந்து இன்னொரு 0.4, 0.5 லிட்டரை எடுத்துவிடும். பருமனான உடம்பில் தலையும் தாழ்ந்தால் சிறு மூச்சுக்குழல்கள் சாதாரண மூச்சிலேயே மூடிக்கொள்ளும். இரத்தம் அங்கே ஓடுகிறது, காற்று போவதில்லை. ஆக்சிஜனை 100 சதவீதம் ஆக்கினால் எண் ஏறும், சுருங்கிய இடம் திறக்காது. பிரஷர் நன்றாக இருக்கும்போது மூச்சுப் பையை 30 முதல் 40 செ.மீ. நீர் அழுத்தத்தில் சில வினாடி பிடித்துத் திறந்துவிட்டு, பிறகு பீப் (மூச்சு விட்ட பிறகும் நுரையீரலில் நிறுத்தும் அழுத்தம்) 5 முதல் 8 வையுங்கள். பீப் இல்லாமல் விட்டால் மறுபடி மூடிக்கொள்ளும். மூச்சு அளவைக் கணக்குப் போடும்போது 84 கிலோவை எடுக்காதீர்கள். அந்த உயரத்துக்குரிய எடை 45 கிலோ அளவுதான், அதனால் கிலோவுக்கு 6 முதல் 8 மில்லி வீதம் 270 முதல் 360 மில்லி. இதற்கும் சரிவராவிட்டால் சர்ஜனிடம் சொல்லித் தலைத் தாழ்வையும் கேஸையும் குறைக்கச் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

சிறுநீர் விஷயத்தில் பயந்து டிரிப்பை ஓடவிடாதீர்கள். கேஸ் அழுத்தம் சிறுநீரகத்தையும் அதன் சிரையையும் நெருக்கும், ஹார்மோனும் சிறுநீரைப் பிடித்துவைக்கும், கேஸை விட்டதும் திரும்பிவரும். தலை தாழ்ந்திருக்கும்போது சிறுநீர் மூத்திரப்பையின் மேல் முனையில் தேங்கி, கதீட்டர் (சிறுநீர் இறக்கும் குழாய்) வழியாக வராமலும் நிற்கும். 2 லிட்டர் கூடுதலாக ஏற்றினால் அது முகத்திலும் நாக்கிலும் தொண்டையிலும் வீக்கமாக வந்து நிற்கும். கண் இமை உப்பியிருந்தால் டியூபை எடுக்கும் முன் கஃப் காற்றை விட்டு, சுற்றிக் காற்று கசிகிறதா என்று பாருங்கள்.

ஓ.டி. சிஸ்டர்:

காலை இறக்குவது பற்றி நான் சொல்கிறேன். கால் தூக்கியிருக்கும்போது கால் சிரையில் இருந்த இரத்தம் நெஞ்சுக்கு வந்து பிரஷரைத் தாங்கிக் காட்டும். இறக்கியதும் அது திரும்பப் போய்விடும். விழித்திருப்பவருக்கு இரத்தக்குழாய் சுருங்கி ஈடுகட்டும், மயக்கத்தில் அது மழுங்கிப்போகும். நாங்கள் ஒரு காலை இறக்கி, பிரஷர் பார்த்து, பிறகு மற்றதை இறக்குவோம்.

மயக்க டாக்டர், தைப்பிங்:

சிஸ்டர், நோக்கம் சரி, ஆனால் ஒரு காலை மட்டும் இறக்கினால் இடுப்பு முறுக்கும், கீழ் முதுகுக்கு ஆகாது. இரண்டு முழங்காலையும் நடுவில் சேர்த்து, இரண்டு பேர் பிடித்து, ஒன்றாக, மெதுவாக இறக்க வேண்டும். அதற்கு முன் கேஸை விட்டு, மேசையைச் சமமாக்கி, பிரஷர் எடுத்து, எபெட்ரின் (பிரஷரை ஏற்றும் மருந்து) 6 மி.கி. ஊசியில் தயாராக வைத்திருங்கள். ஸ்பைனல் (முதுகில் மரப்பு ஊசி) போட்டவருக்கும், பிரஷர் மாத்திரையைக் காலையில் விழுங்கி வந்தவருக்கும் இன்னும் அதிகமாக விழும்.

ஓ.டி. சிஸ்டர்:

ஏற்கிறேன் டாக்டர். கூடவே ஒன்று: நான்கு மணி நேரத்துக்கு மேல் கால் மேலேயே இருந்தால் கெண்டைச் சதைக்கு இரத்தம் போதாமல் வீங்கிவிடும். தேநீர் நிறச் சிறுநீர் வந்தால் சதை கரைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்று அர்த்தம். நீளமான ஆபரேஷனில் இரண்டு மணிக்கு ஒரு முறை காலை இறக்கச் சொல்லுங்கள். முழங்காலுக்கு வெளியே கீழே இருக்கும் எலும்பு மேட்டில் ஸ்டிரப் (கால் தாங்கி) கம்பி படக்கூடாது, பட்டால் பாதம் தொங்கிவிடும். வயதான ரப்பர் பால்வெட்டுக்காரர்களுக்கு இடுப்பும் முழங்காலும் எவ்வளவு மடங்கும் என்று மயங்கும் முன்பே மடக்கிப் பாருங்கள். மயங்கிய பிறகு எவ்வளவு இழுத்தாலும் வலிக்கிறது என்று சொல்ல மாட்டார்கள்.

தோட்டத்து எம்.ஏ. (பேரா):

ரொம்ப நன்றி. தோள்பட்டை ஆபரேஷனில் உட்கார்ந்த நிலை என்றால் பிரஷர் கஃபைக் காலில் கட்டலாமா? ஒரு கையில் ஆபரேஷன், மறு கையில் டிரிப், கை இரண்டும் கிடைக்காது.

மயக்க டாக்டர், தைப்பிங்:

வேண்டாம் லா. ஒவ்வொரு செ.மீ. உயரத்துக்கும் 0.77 மி.மீ. பாதரசம் குறையும். கஃப் கையில் இருந்து, மூளை 20 செ.மீ. மேலே இருந்தாலே சராசரி பிரஷர் 65 அங்கே 50 ஆகிவிடும். கெண்டைக்காலில் கட்டினால் இடைவெளி இன்னும் பெரிது, திரையில் நல்ல எண் தெரியும், மூளைக்கு இரத்தம் போகாது. ஆபரேஷன் இல்லாத கையில் கட்டி, டிரிப்பைக் காலில் போடுங்கள். ஆர்ட்டீரியல் லைன் (தமனிக்குள் வைத்துப் பிரஷர் பார்க்கும் குழாய்) இருந்தால் அதன் டிரான்ஸ்டியூசரை (அழுத்தம் அளக்கும் கருவியை) காது மட்டத்தில் வைத்துப் பூஜ்யம் செய்யுங்கள்.