ஞானஸ்நானம் வாங்காமல் சாகக் கிடப்பவருக்கு மோட்சம் உண்டா?

தாமுவே வாசி:
யாங்கோன் ஆஸ்பத்திரியில் ஒரு பாட்டி. காலமெல்லாம் மாரியம்மனைக் கும்பிட்டவர். மூத்த மகன் வீடு கத்தோலிக்கம், இளைய மகள் வீடு பாப்டிஸ்ட். "எனக்கும் தண்ணி ஊத்துங்க" என்று பேத்தியிடம் தானாகவே கேட்டிருக்கிறார். ராத்திரியில் மோசமானால், ஃபாதர் வருவதற்குள் யார் கொடுக்கலாம், எப்படி? கொடுக்காமலே போய்விட்டால் நரகம்தான் என்கிறார் உறவுக்காரர் ஒருவர். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சிரியம் உபதேசியார்:
அவரே கேட்டார் என்பதுதான் அஸ்திவாரம். மற்றதெல்லாம் அதன்மேல்தான் நிற்கும். மரண ஆபத்தில் உள்ள பெரியவருக்கு மூன்று காரியம் வேண்டும் என்கிறது கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 865: முக்கிய சத்தியங்கள் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும், விருப்பத்தை எப்படியாவது காட்டியிருக்க வேண்டும், பிழைத்தால் கிறிஸ்தவக் கட்டளைகளைக் கைக்கொள்வதாக வாக்குக் கொடுக்க வேண்டும். ஆகவே நினைவு இருக்கும்போதே காதோரம் நிதானமாகக் கேளுங்கள். தந்தை, மகன், தூய ஆவியான ஒரே கடவுளை நம்புகிறீர்களா? இயேசு நமக்காக இறந்து உயிர்த்ததை நம்புகிறீர்களா? பாவங்களுக்காக மனஸ்தாபப்படுகிறீர்களா? பேச முடியாவிட்டால் தலையசைக்கட்டும், கையை அழுத்தட்டும். தமிழோ பர்மியமோ, அவருக்கு விளங்கும் பாஷையில் கேளுங்கள்.

அவசரத்தில் யாரும் கொடுக்கலாம், பேத்தியோ நர்ஸோ. கொடுப்பவர் ஞானஸ்நானம் பெறாதவராக இருந்தாலும் செல்லும். திருச்சபை செய்வதைச் செய்கிறேன் என்ற எண்ணம் போதும். கட்டிலருகே இருக்கும் குடிதண்ணீர் பாட்டிலே போதும், தீர்த்தம் தேடி ஓட வேண்டாம். பன்னீர், இளநீர், பால் எதுவும் செல்லாது. பெயர் சொல்லி, நெற்றியில் மூன்று தடவை ஊற்றிக்கொண்டே, "தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். ஊற்றுகிறவரே சொல்ல வேண்டும். ஒருவர் ஊற்ற இன்னொருவர் சொல்லக் கூடாது. பாசத்தில் வீட்டார் எல்லாரும் சேர்ந்து "நாங்கள்" என்று சொல்லிவிடுவதுண்டு. அது செல்லாது என்று வத்திக்கான் 2020இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

அடிக்கடி நடக்கும் இன்னொரு பிழை, ஈரத்துணியால் துடைத்துவிடுவது. தண்ணீர் தோலில் பட்டு ஓட வேண்டும். தலையில் கட்டு இருந்து, தண்ணீர் சரியாகப் பட்டதா என்று சந்தேகம் வந்தால் ஃபாதரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். "நீ திருமுழுக்குப் பெறாதிருந்தால்" என்று சேர்த்து அவர் கொடுப்பார். பிழைத்து எழுந்தால் தண்ணீர் மறுபடி ஊற்றக் கூடாது, விடுபட்ட சடங்குகளைக் கோயிலில் முடிக்கலாம்.

கொடுக்க முடியாமல் போனால்? நரகம்தான் என்பது திருச்சபையின் போதனை அல்ல. இரட்சிப்பைக் கடவுள் ஞானஸ்நானத்தோடு இணைத்தார், ஆனால் தாம் அதற்குக் கட்டுப்பட்டவர் அல்ல என்கிறது கத்தோலிக்க மறைக்கல்வி நூல் (எண் 1257). கேட்டுவிட்டுப் பெறுமுன் இறந்தவருக்கு ஆசை ஞானஸ்நானம் உண்டு, அதாவது அந்த ஆசையே பலன் தரும். கேட்கவே வாய்ப்பில்லாமல், தன் குற்றமின்றி இயேசுவை அறியாமல், மனச்சாட்சிப்படி கடவுளைத் தேடி வாழ்ந்தவரும் மீட்படையலாம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் எழுதியது. அந்த மீட்பும் கிறிஸ்துவால்தான்.

மோல்மேன் பாப்டிஸ்ட்:
உபதேசியார் ஐயா சொன்னது கத்தோலிக்க முறை. எங்கள் போதனையில் தண்ணீர் யாரையும் பரலோகத்துக்குள் கொண்டுபோவதில்லை. கிருபையினாலே, விசுவாசத்தைக்கொண்டு இரட்சிப்பு (எபேசியர் 2:8). ஞானஸ்நானம் அந்த விசுவாசத்துக்குக் கீழ்ப்படிதலும் சாட்சியும். அதுவும் ஆளைத் தண்ணீரில் அமிழ்த்தும் முழுக்குத்தான். அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி ஜட்சன் பர்மாவுக்கு வந்தது 1813இல், முதல் பர்மிய விசுவாசி மவுங் நௌ முழுக்கு எடுத்தது 1819இல். நடுவில் இருந்த ஆறு வருஷமும் யாரையும் அவசரமாக நனைத்து எண்ணிக்கை காட்டவில்லை.

ஆகவே மகள் வீட்டாருக்குச் சொல்கிறேன்: ஆக்சிஜன் குழாயோடு இருப்பவரை முழுக்க வேண்டாம். சிலுவையில் தொங்கிய கள்வன் முழுக்கு எடுக்கவில்லை. "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்று கேட்டான். ரோமர் 10:9ஐ மெதுவாக வாசித்துக் காட்டுங்கள், இயேசுவே கர்த்தர் என்று அவர் சொந்த வாயால் அறிக்கை செய்யட்டும். மயக்க மருந்தில் இருப்பவரைச் சொல்லவைக்கும் ஜெபத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை, மருந்து தெளியும் வேளை பாருங்கள். "கர்த்தாவே! கர்த்தாவே!" என்கிறவனெல்லாம் பரலோகராஜ்யத்தில் பிரவேசிப்பதில்லை (மத்தேயு 7:21) என்பது சபையில் பிறந்து வளர்ந்த நமக்குத்தான் முதலில்.

தாமுவே வாசி:
ரொம்ப நன்றி ஐயா, நன்றி பிரதர். மூச்சு நின்ற பிறகு தண்ணீர் ஊற்றலாமா? மற்றப் பிள்ளைகள் இந்துக்கள், தகனம் செய்து சாம்பலை ஆற்றில் கரைக்கச் சொல்கிறார்கள்.

சிரியம் உபதேசியார்:
இறந்தவருக்குக் கொடுக்க முடியாது. ஆனால் அவருக்காக ஃபாதர் பூசை (திருப்பலி) ஒப்புக்கொடுக்கலாம், ஞானஸ்நானம் பெறாதவருக்காகவும். உயிர் போய்விட்டதா என்று நிச்சயமில்லாத நொடியில், "நீ உயிரோடிருந்தால்" என்று சேர்த்துக் கொடுக்கலாம்.

தகனத்தை 1963 முதல் திருச்சபை அனுமதிக்கிறது. சாம்பலைக் கரைப்பதை 2016இல் வந்த விதி மறுக்கிறது; கல்லறையிலோ கோயில் குறிக்கும் இடத்திலோ வைக்க வேண்டும். இதை மற்றப் பிள்ளைகளிடம் இப்போதே, பாட்டி காது கேட்கப் பேசுங்கள். ஒளித்துக் கொடுத்துவிட்டுக் கொள்ளி வைக்கிற இடத்தில் வெளிவந்தால் குடும்பம் உடையும். கொடுக்கும்போது ஒரு சாட்சியை நிறுத்துங்கள். பெயர், தேதி, மணி, கொடுத்தவர், சாட்சி எல்லாம் ஒரு தாளில் எழுதி மறுநாளே பங்கு ஃபாதரிடம் சேர்த்துவிடுங்கள், அவர் புத்தகத்தில் பதிய வேண்டும்.