இலையே இல்லாத வெள்ளைச் செடி: காளானா, பூவா? அடையாளம் சொல்லுங்கள்

காட்டுவழி:
காட்டு நடையில் பார்த்தது. பைனும் ஓக்கும் கலந்த பழைய காடு, நல்ல நிழல், மழை விட்டுச் சில நாள் இருக்கும். சருகுக்கு நடுவே பத்துப் பன்னிரண்டு தண்டுகள் கொத்தாக முளைத்திருந்தன. ஒரு சாண் உயரம்கூட இல்லை. தண்டு, பூ எல்லாமே மெழுகு வெள்ளை, லேசாக ரோஸ் சாயல். பச்சை மருந்துக்கும் இல்லை. ஒவ்வொரு தண்டின் நுனியும் கவிழ்ந்து தரையைப் பார்க்கிறது. செடி அடையாளம் சொல்லும் ஆப் ஒரு படத்துக்குக் காளான் என்கிறது, இன்னொன்றுக்கு ஆர்கிட் என்கிறது. யாருக்காவது தெரியுமா?

மழைக்காளான்:
இலை இல்லை, வெள்ளை, நிழல் என்றால் எனக்குக் காளான்தான் தோன்றுகிறது. குடைக்கு அடியில் மெல்லிய மடிப்புகள் இருக்கின்றனவா?

காட்டுவழி:
மடிப்பு இல்லை. கீழிருந்து எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இதழ்கள் குழல்போலச் சேர்ந்து நிற்கின்றன. உள்ளே குட்டிக் குட்டி மகரந்தப்பைகள் வட்டமாக, நடுவில் அகலமான சூல்முடி. தண்டில் ஆங்காங்கே வெள்ளைச் செதில்கள் ஒட்டியிருக்கின்றன. அப்புறம், முறிந்து கிடந்த ஒரு தண்டைக் காகிதத்தில் சுருட்டிக் கொண்டுவந்தேன். மறுநாள் பிரித்தால் முழுக்கக் கறுத்துக் கிடக்கிறது!

வேர்த்தடம்:
கறுத்தது என்று சொன்னதுமே பாதி முடிவாகிவிட்டது. இது மோனோட்ரோபா யூனிஃப்ளோரா. கோஸ்ட் பைப், இந்தியன் பைப் என்றும் சொல்வார்கள். அடிபட்டாலும் காய்ந்தாலும் கறுத்துவிடும்.

மகரந்தப்பை இருக்கிறது, எனவே காளான் இல்லை. ஆர்கிட் என்றால் மகரந்தப்பையும் சூல்முடியும் ஒரே தூணாக ஒட்டியிருக்கும், ஒரு இதழ் உதடு மாதிரி தனியாகத் தெரியும். உங்கள் பூவில் இரண்டும் இல்லை. அந்தச் செதில்கள்தான் இதன் இலைகள். ரோடோடென்ட்ரானும் புளூபெர்ரியும் இருக்கும் எரிகேசியே குடும்பம். இமயமலை, கிழக்காசியா, வட அமெரிக்கா என்று பல இடங்களில் வளர்கிறது.

ஒன்று மட்டும் உறுதி செய்யுங்கள்: ஒரு தண்டுக்கு ஒரே பூதானா? நிறையப் பூக்கள், மஞ்சள் சாயல் என்றால் அது இதன் உறவான ஹைபோபிடிஸ்.

காட்டுவழி:
எல்லாத் தண்டிலும் ஒரே பூதான். மிக்க நன்றி! பச்சையமே இல்லாமல் எப்படி உயிர் வாழ்கிறது? கொஞ்சம் மண்ணோடு பெயர்த்துத் தொட்டியில் வைத்தால் வருமா?

வேர்த்தடம்:
வராது, தயவுசெய்து பெயர்க்காதீர்கள். மண்ணுக்குள் ருசுலா வகைப் பூஞ்சைகள் மரவேர்களைச் சுற்றிப் படர்ந்திருக்கும். மரம் அவற்றுக்குச் சர்க்கரை தரும், அவை மரத்துக்கு நீரும் தாதுக்களும் தரும். இந்தச் செடி அந்தப் பூஞ்சையோடு வேரைப் பின்னிச் சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. ஸ்வீடன் ஆய்வாளர் எரிக் பியோர்க்மன், கதிரியக்கம் ஏற்றிய குளுக்கோஸை மரங்களுக்குள் செலுத்தினார். அருகே வளர்ந்த ஹைபோபிடிஸ் செடிகளில் அந்தக் கதிரியக்கம் வந்து சேர்ந்ததை 1960இல் வெளியிட்டார். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. மரம், பூஞ்சை, செடி மூன்றும் சேர்ந்தால்தான் இது பிழைக்கும். தொட்டியில் அதில் இரண்டு இருக்காது.

மழைக்காளான்:
விளக்கத்துக்கு நன்றி. வலிக்கு இதில் டிங்சர் (ஆல்கஹாலில் ஊறவைத்து எடுக்கும் மருந்துச் சாறு) செய்யலாம் என்று நெட்டில் படித்தேன், அது சரியா?

வேர்த்தடம்:
வாயில் வைக்க வேண்டாம். கொத்துக் கொத்தாகப் பறிக்கவும் அந்த மாதிரிச் செய்முறைகள்தான் காரணமாகின்றன.

காட்டுவழி, சில வாரம் கழித்து அதே இடத்துக்குப் போக முடிந்தால் போங்கள். மகரந்தச் சேர்க்கை முடிந்ததும் கவிழ்ந்த தலை நிமிர்ந்துவிடும், பூ இருந்த இடத்தில் காய் நிற்கும். அதைப் பக்கவாட்டில் ஒரு படம், பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு படம் எடுங்கள். சுற்றியுள்ள மரங்களின் பட்டையும் இலையும் தெரிகிற மாதிரி இன்னொன்றும் வேண்டும். மூன்றையும் இங்கேயே போடுங்கள்.