ஜவுளிக்கடைப் பெண்களின் கதைகள்: அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். கடையில் நின்றுகொண்டே வேலை பார்க்கும் பெண்களுக்காக நாங்கள் சிலர் சேர்ந்து வேலை செய்கிறோம். உட்காரும் உரிமைக்கு 2021இலேயே தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்துவிட்டது. ஆனால் நாங்கள் பேசிய பல பெண்கள் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறார்கள்.

கேரளத்தில் 2018இல் இந்தச் சட்டம் வந்ததற்குக் கோழிக்கோட்டின் பெண்கூட்டு அமைப்பு முக்கியக் காரணம். கழிப்பறை இல்லாததால் தண்ணீரே குடிக்காமல் வேலை பார்த்ததை அந்தப் பெண்கள் தாங்களே வெளியே சொன்னார்கள். புள்ளிவிவரத்தைக் கடந்துபோகிறவர்கள்கூட அதைக் கேட்டு நின்றார்கள்.

எங்களிடமும் கதைகள் இருக்கின்றன; அவற்றை எழுதி வெளியிட நினைக்கிறோம். ஒரு அக்கா, புடவைக் கட்டை எடுக்கிற சாக்கில் குனிந்து, கேமராவில் படாத மூலையில் ஒரு நிமிடம் குந்துவாராம். மாலையில் கால் வீங்கிச் செருப்பு நுழையாதாம். இதை எழுதினால் கடைக்காரர் ஆளைக் கண்டுபிடித்துவிடுவாரோ என்பதுதான் பயம். பெயரை மாற்றினால் மட்டும் போதுமா, வேறு எதையெல்லாம் மாற்ற வேண்டும்?

சம்மதம் வாங்குவது எப்படி? பிறகு அவர்கள் மனம் மாறினால் பதிவை நீக்கிவிடுவோம் என்று எழுதிக் கொடுக்கலாமா?

அப்புறம், படிப்பவர்கள் 'ஐயோ பாவம்' என்று சொல்லிவிட்டுப் போகக்கூடாது. தொழிலாளர் துறைக்கு மனு போட வேண்டும், கடையில் "நாற்காலி எங்கே?" என்று கேட்க வேண்டும். அதைக் கதைக்குள்ளேயே கொண்டுவருவதா, முடிவில் தனியாக வைப்பதா? இப்படிக் கதைகளைச் சேகரித்து எழுதிய அனுபவமுள்ளவர்கள் கருத்துப் பெட்டியில் எழுதுங்கள். சம்மதப் படிவத்தின் தமிழ் மாதிரி இருந்தால் பெரிய உதவி.