லியோனிலிருந்து போர்தோ: மேப் எப்படிப் போட்டாலும் ஏ89-க்கே இழுக்கிறது, உதவி தேவை

ரோன்கரை: பிரான்ஸில் லியோனிலிருந்து போர்தோவுக்குக் காரில் போகிறோம். மலை, ஆறு, பழைய ஊர்கள் என்று பார்த்துக்கொண்டே போக ஆசை. மேப்பில் போட்டால் நேராக ஏ89 என்ற டோல் ஆட்டோரூட்டில் (விரைவுச்சாலை) ஏற்றிவிடுகிறது. 'டோல் வேண்டாம்' என்று டிக் செய்தால் நேரம்தான் ஏறுகிறதே தவிர நடுவில் நல்ல இடம் எதுவும் வருவதாகத் தெரியவில்லை. யாராவது நல்ல வழி சொல்லுங்கள், அவசரம், இன்று ராத்திரிக்குள் ரூம் போட வேண்டும்.

மலைப்பாதை: எந்த மாதம்? எத்தனை நாள்? எத்தனை பேர்? சொந்த வண்டியா வாடகையா?

டீசல்ராஜா: ஏ89-க்கு என்ன குறை? கிளேர்மோன் ஃபெரான் பக்கம் எரிமலைக் கூம்புகள் வரிசையாகக் கண்ணுக்கு முன்னால் நிற்கும், கோரேஸ் பக்கம் பள்ளத்தாக்குகளுக்கு மேலே பாலம் பாலமாகப் போகலாம். ஆறு மணி நேரத்தில் போர்தோ. சின்ன ரோட்டில் டிராக்டருக்குப் பின்னால் ஊர்வதற்குப் பெயர் சுற்றுலாவா? டோலில் மிச்சம் பிடிப்பதை டீசலில் விட்டுவிடுவீர்கள்.

பழையபுலி: மாதத்துக்கு ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். தேடல் பெட்டி அழகுக்கு வைத்திருக்கிறதா தெரியவில்லை. மேப் உங்களுக்கு அழகான வழியைத் தராது தம்பி, சீக்கிரமான வழியைத்தான் தரும், அதன் வேலையே அதுதான். ஒரு மிஷ்லின் தாள் வரைபடம் வாங்குங்கள். அதில் ஓரத்தில் பச்சைக் கோடு போட்ட ரோடெல்லாம் காட்சி நன்றாக இருக்கும் ரோடு. அந்தப் பச்சையைப் பிடித்துக்கொண்டே போனால் போர்தோ வந்துவிடும். நாங்களெல்லாம் அப்படித்தான் போனோம்.

கயல்: புலி அண்ணா, அவர் இன்று ராத்திரி ரூம் போட வேண்டுமாம், நீங்கள் புத்தகக் கடைக்கு அனுப்புகிறீர்கள் :)
ரோன்கரை, சாலேர் கிராமத்தில் தங்கிவிட்டு புய் மரி மலை ஏறி இறங்குங்கள். அங்கே உள்ள பா த பெய்ரோல் கணவாய் 1,589 மீட்டர், நடு பிரான்ஸின் மாசிஃப் சென்ட்ரல் மலைப்பகுதியிலேயே உயரமான கணவாய் ரோடு அதுதான். மேலே நின்றால் நாலா பக்கமும் பச்சைப் பள்ளத்தாக்கு விரல் விரலாகப் பிரிந்து போவது தெரியும். அதை விட்டுவிட்டு வேறு எங்கே போனாலும் வீண்.

லாசப்பல்காரன்: கயல் சொல்வதுதான் சரி. புய் மரி கட்டாயம்.

ரோன்கரை: மன்னிக்கவும், ஆபீஸில் இருந்தேன். ஏப்ரல் இரண்டாவது வாரம். இரண்டு இரவு தங்கலாம். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா, நான், மனைவி. வாடகை வண்டி.

மலைப்பாதை: ஏப்ரலா? அப்படியென்றால் புய் மரியை மறந்துவிடுங்கள். அந்தக் கணவாய் ரோட்டைக் குளிர்காலம் முழுக்கப் பனி காரணமாக மூடி வைத்திருப்பார்கள், பெரும்பாலும் மே மாதம்தான் திறப்பார்கள். மேப் சில சமயம் அதன் வழியாகவே கோடு போட்டுக் காட்டும், நம்பிப் போனால் தடுப்புக் கட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வர வேண்டும்.

கயல்: ஐயோ, மாதம் தெரியாமல் சொல்லிவிட்டோம்.

டீசல்ராஜா: ஏ89 வருடம் முழுக்கத் திறந்திருக்கும். சும்மா சொல்லி வைக்கிறேன்.

பழையபுலி: மாதத்தைச் சொல்லாமல் மலைக்கு வழி கேட்பது. பிரமாதம். பனி டயர் விஷயமாவது தெரியுமா? மலை மாவட்டங்களில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை குளிர்கால டயர் அல்லது சங்கிலி கட்டாயம். ஏப்ரல் என்பதால் தப்பித்தீர்கள்.

மலைப்பாதை: லைசென்ஸ் எந்த நாட்டுடையது? யார் ஓட்டுவது?

ரோன்கரை: நான்தான். பிரெஞ்சு லைசென்ஸ், போன வருடம் எடுத்தது. அம்மாவுக்கு வளைவில் தலை சுற்றும், வாந்தி வரும். அப்புறம் நாங்கள் சைவம்.

மலைப்பாதை: இதையெல்லாம் முதலிலேயே சொல்ல மாட்டீர்களா! புது லைசென்ஸ் என்றால் ஆட்டோரூட்டில் உங்களுக்கு 130 கிடையாது, 110தான். சாதா ரோட்டில் 80. சில மாவட்டங்களில் 90 என்று பலகை இருக்கும், அதுவும் உங்களுக்கு இல்லை. ஆகவே மேப் காட்டும் நேரத்தோடு கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

இப்போது வழி. போர்தோ என்று மட்டும் போட்டால் மேப் மாறவே மாறாது, நடுவில் ஊர்களைச் சேர்க்க வேண்டும். லியோன், சான்தெத்தியேன், அங்கிருந்து என்88 தேசியச் சாலையில் லு புய். ஊர் நடுவே எரிமலைப் பாறை ஊசி மாதிரி நிற்கும், அதன் உச்சியில் ஒரு தேவாலயம், 268 படி. அம்மா கீழே உட்காரட்டும். பிறகு என்102-இல் பிரியூத், கொஞ்ச தூரம் ஏ75, மாசியாக்கில் இறங்கி என்122. இதில் டோலே இல்லை. ஆனால் 'ஆட்டோரூட் வேண்டாம்' என்று டிக் செய்யாதீர்கள், இலவசமான ஏ75-ஐயும் சேர்த்துத் தவிர்த்துவிடும். என்122 முரா வழியாக லியோரான் சுரங்கத்தில் மலையைக் கடக்கும். கணவாய் மூடியிருந்தாலும் இது திறந்திருக்கும், கொண்டை ஊசி வளைவும் குறைவு. முதல் இரவு ஓரியாக்.

லாசப்பல்காரன்: இரண்டாவது நாளுக்கு நான் சொல்கிறேன். ஓரியாக்கிலிருந்து அர்ஜான்தா போங்கோ, அங்கே தோர்தோன் ஆறு வந்துவிடும். ஒரு காலத்தில் வைன் பீப்பாய்க்கான மரத்தை அங்கிருந்துதான் படகில் கீழே அனுப்பினவை. வெள்ளத்துக்கு எதிராகத் திரும்பி வர ஏலாது என்று போய்ச் சேர்ந்த இடத்திலேயே படகையும் உடைத்து விறகுக்கு வித்தவையாம். ஆற்றோடு போலியூ, பிறகு ரோக்கமதூர், இரவு சார்லா. ரோக்கமதூரில் லிஃப்ட் இருக்கு, அப்பா அம்மா படி ஏறத் தேவையில்லை.

கயல்: சார்லா வரை போனால் ஆதி மனிதர் ஓவியம் இருக்கும் லாஸ்கோ குகையையும் பார்த்துவிடுங்கள், மோன்தின்யாக் பக்கம்தான்.

டீசல்ராஜா: அது நகல். நகலுக்கு டிக்கெட் எடுக்கச் சொல்கிறீர்களே.

கயல்: நிஜக் குகையை 1963-லேயே மூடிவிட்டார்கள். பார்க்க வந்தவர்களின் மூச்சுக்காற்றிலேயே ஓவியம் கெட ஆரம்பித்தது. நகல் இல்லையென்றால் நமக்கு ஒன்றுமே இல்லை. 2016-இல் திறந்த லாஸ்கோ 4 எவ்வளவு நுணுக்கமாக இருக்கிறது தெரியுமா? பாறையின் புடைப்பைப் பார்த்து மாட்டின் வயிற்றை அங்கே வரைந்திருப்பதுவரை தெரியும்.

டீசல்ராஜா: பாறையும் நிஜமில்லை, மாடும் நிஜமில்லை. ரூஃபின்யாக் போங்கள், நிஜக் குகை, உள்ளே மின்சார ரயிலில் உட்கார்ந்தபடியே மாமத் யானை ஓவியம் பார்க்கலாம்.

பழையபுலி: இரண்டு பேருக்குமே ஃபோன் த கோம் குகை தெரியாது போல. பல வண்ண ஓவியம், அசல், இன்றும் உள்ளே விடுகிறார்கள். கொஞ்சம் பேரைத்தான் விடுவார்கள் என்பதால் முன்பதிவு செய்ய வேண்டும். தேடியிருந்தால் கிடைத்திருக்கும்.

கயல்: அண்ணா, நாளைக்கே டிக்கெட் கிடைப்பது மாதிரி சொல்கிறீர்கள்.

மலைப்பாதை: குகைச் சண்டையைத் தனி இழையில் வையுங்கள். ரோன்கரை, சாப்பாடு முக்கியம். கிராமத்துச் சாப்பாட்டுக் கடைகளில் மதியம் இரண்டு மணிக்கு மேல் அடுப்பை அணைத்துவிடுவார்கள், அதற்கு முன்பே உட்கார்ந்துவிடுங்கள். அலிகோ கேளுங்கள், உருளைக்கிழங்கும் சீஸும் சேர்த்துக் கடைந்தது, கரண்டியில் தூக்கினால் நூலாக நீளும். த்ரூஃபாதும் உருளைக்கிழங்குதான், ஆனால் பன்றிக்கறித் துண்டு போட்டுவிடுவார்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள். மூன்றாம் நாள் லா ரோக் காஜாக், பெர்ஜராக், சான்தெமிலியோன், போர்தோ. அன்று ரோடும் லேசு.

ரோன்கரை: ஓரியாக், சார்லா இரண்டிலும் ரூம் போட்டாச்சு. ஊர்களைச் சேர்த்ததும் மேப் ஏ89-ஐ விட்டுவிட்டது. எல்லோருக்கும் நன்றி.

மலைப்பாதை: வாடகை வண்டியானாலும் பின்னால் புது ஓட்டுநர் என்று காட்டும் 'ஏ' வில்லை ஒட்ட வேண்டும், காந்த வில்லை வாங்கினால் கழற்றி எடுத்துக்கொள்ளலாம். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்பே கேட்டு வையுங்கள், இல்லாவிட்டால் கியர் வண்டிதான் தருவார்கள்.

டீசல்ராஜா: எந்தக் குகை என்று சொல்லாமல் போய்விட்டாரே?