சேர்வராயன் மலையில் நடைபயணம் போன பழைய குழுவின் ஆவணங்கள்: உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். சேலத்தில் எங்கள் மலையேற்றக் குழுவின் பழைய நோட்டுகள், போட்டோ, நெகடிவ் எல்லாம் இப்போது என் பொறுப்பில் இருக்கின்றன. மூத்தவர்கள் இருக்கும்போதே இவற்றை ஒழுங்குபடுத்திவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது.

நீள நோட்டுகளில் பயணக் குறிப்பு இருக்கிறது: எந்த ஓடையில் தண்ணீர் இருந்தது, கிளியூர் அருவிக்கு எந்தப் பக்கம் இறங்கினார்கள், வழி காட்டிய ஊர்க்காரர் பெயர் என்ன என்று. மழையில் நனைந்து மை பரவிய பக்கங்களும் உண்டு. சில ஏடுகளை ராமபாணப் பூச்சி அரித்திருக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவு ரோட்டில் பஸ் ஏறிப் போகிற நமக்கு, காபித் தோட்டங்களுக்கு நடுவே இருந்த அந்த ஒற்றையடிப் பாதைகளைச் சொல்ல இந்த நோட்டுகளை விட்டால் வேறு எது இருக்கிறது?

பிளாஸ்டிக் உறையில் ஒட்டிக்கொண்ட நெகடிவைக் கிழியாமல் பிரிக்கத் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? நெகடிவ் ஸ்கேனர் சில நாள் இரவல் கிடைக்குமா? சென்னை ரோஜா முத்தையா நூலகத்தில் இந்த மாதிரி வேலை பார்த்த அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் பெரிய உதவி.

அப்புறம், உங்கள் அப்பா, சித்தப்பா யாராவது சேர்வராயன் கோயில் பக்கம் கூட்டமாக நடந்த பழைய படம் வீட்டில் இருந்தால் தயவுசெய்து எடுத்துப் பாருங்கள். பின்பக்கம் எழுதியிருப்பதையும் சேர்த்துப் படம் பிடித்து எனக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும்.